வட்டு போகட்டும்; படி எங்கே?



கணினியின் இயங்குதளம் ஒரு காலத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது அது குறுவட்டிலும் கிடைத்தது. குறுவட்டு இயக்கி இல்லாத கணினிகளுக்காகப் பதின்மூன்று நெகிழ்வட்டுகளாகவும் கிடைத்தது. திரை அடுத்ததைக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டாவது வட்டு பழுதாகியிருந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஒரே குறுவட்டில் அடங்கிற்று. 2007-இல் விஸ்தா டிவிடிக்கு மாறிற்று. பின்னர் வட்டே மறைந்தது. இன்று புதிய மடிக்கணினியை வாங்கிப் பெட்டியைத் துழாவிப் பார்த்தாலும் இயங்குதளம் என்று தனியாக ஒன்றும் அகப்படாது. வட்டைச் செருகும் வாயும் பெரும்பாலும் இருக்காது.

பழமையின் மீதுள்ள ஏக்கத்தினால் இதனை எழுதவில்லை. பள்ளியின் கணினி அறையைக் கவனிக்கும் பொறுப்பு அவ்வப்போது என் தலையில் விழுவதுண்டு. கணினிகள் மனிதர்களைப் போன்றவை; ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் படுத்துவிடும். அப்படிப் படுத்த கணினியை எழுப்பும் மருந்து யார் கையில் இருக்கிறது என்பதே என் கேள்வி. வட்டு இருந்த காலத்தில் அது பள்ளியின் அலமாரியில் இருந்தது. இன்று எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. அதற்கும் நமக்கும் இடையில் ஓர் இணைய இணைப்பும், ஒரு பயனர் கணக்கும், அந்நிறுவனத்தின் விருப்பமும் நிற்கின்றன. வட்டு போனதில் எனக்கு வருத்தமில்லை. நம் கையில் இருந்த படி போனதில்தான் வருத்தம்.

அந்தப் படியின் அருமையை, எக்ஸ்பி காலத்தில் கணினியில் தமிழ் எழுதப் பழகியவர்கள் நன்கு அறிவார்கள். எக்ஸ்பியை நிறுவியவுடன் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தெரிந்துவிடாது. கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் வெறுங்கட்டங்களாகத் தெரியும். கட்டுப்பாட்டகத்தில் வட்டார மொழி அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவுமாறு ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி, ‘எக்ஸ்பி குறுவட்டைச் செருகவும்’ என்று கேட்கும். வட்டு இருந்தால் சில நிமிடங்களில் தமிழ் வந்துவிடும். வட்டு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளில் அந்த ஒரே வட்டு தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில், தேர்வுத் தாள்களுக்குப் பக்கத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சிலருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது மிகச் சரியான இடமாகவே தோன்றியது. (ஆப்பிள் கணினிகளில் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் அங்கே இயங்குதளத்துடனேயே வந்தன. ஆனால், ஆப்பிள் கணினி வாங்கும் வசதி எந்தத் தமிழ்ப்பள்ளிக்கு இருந்தது?)

இனி, வட்டு மறைந்த கதைக்கு வருவோம். அதில் 2011-ஆம் ஆண்டுதான் திருப்புமுனை.

ஆப்பிள் நிறுவனம் 2009 ஆகஸ்டில் ‘ஸ்னோ லெப்பர்டு’ என்னும் இயங்குதளத்தை டிவிடியாக 29 டாலருக்கு விற்றது. அடுத்த பதிப்பான ‘லயன்’ பற்றி 2011 ஜூனில் அறிவித்தபோது, அதனை வட்டில் விற்கப்போவதில்லை, தன்னுடைய இணையக் கடையிலிருந்து பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டது. ஜூலை 20-ஆம் நாள் லயன் வெளிவந்தது. விலை 29.99 டாலர். அளவு ஏறக்குறைய நான்கு கிகாபைட். முதல் நாளிலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கி இறக்கிக்கொண்டனர் என்று நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. ஒருமுறை வாங்கினால் ஒருவர் தமக்குச் சொந்தமான எல்லா மேக் கணினிகளிலும் நிறுவிக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே நல்ல சலுகை. அதனை மறுக்கவில்லை.

ஆனால், அந்த இணையக் கடைக்குள் நுழைய ஸ்னோ லெப்பர்டின் 10.6.6 பதிப்பாவது கணினியில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருந்தவர் என்ன செய்வது? முதலில் ஸ்னோ லெப்பர்டு வட்டை வாங்கி நிறுவிவிட்டு, அதன் பிறகு வட்டே தேவைப்படாத லயனை இறக்கிக்கொள்ள வேண்டும்! வட்டில்லா உலகத்துக்குள் நுழைவதற்கு ஒரு வட்டுத்தான் நுழைவுச்சீட்டு.

வேகமான இணையம் இல்லாதவர்களையும் ஆப்பிள் மறந்துவிடவில்லை. அவர்கள் ஆப்பிளின் கடைகளுக்குக் கணினியைக் கொண்டுபோய் அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்றது. அல்லது, ஆகஸ்டு மாதத்தில் 69 டாலருக்கு விற்பனைக்கு வரவிருந்த விரலியை வாங்கிக்கொள்ளலாம். விரலி என்று நாம் சொல்வது பென்டிரைவைத்தான். கடைக்குக் கொண்டுபோகலாம் என்ற வழியை மலேசியாவில் இருந்துகொண்டு எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் ஆப்பிளின் சொந்தக் கடை முதன்முதலாகத் திறக்கப்பட்டது 2024 ஜூன் 22-இல், கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் வளாகத்தில். சிங்கப்பூரிலேயே 2017-இல்தான் திறந்தார்கள். ஆக, நமக்கு மிஞ்சியது விரலிதான். அதன் விலையோ பதிவிறக்கத்தின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். இணையம் மெதுவாக இருப்பவன் பெரும்பாலும் பணமும் குறைவாக உள்ளவனாகவே இருப்பான். அவனுக்குத்தான் விலை கூடுதல்.

நான்கு கிகாபைட் என்றால் எவ்வளவு நேரம்? கணக்கு ஆசிரியர்கள் என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் பல வீடுகளில் இருந்தது விநாடிக்கு 384 கிலோபிட் வேக இணைப்பு. அந்த வேகம் ஒரு விநாடியும் குறையாமல் கிடைத்தாலும் ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம் பிடிக்கும். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் ஒன்பது மணி நேரம். இது ஒரு கணினிக்கு, வேறெவரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தால். நடுவில் இடி இடித்து மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை, பிற்பகல் மழைக்குப் பழகிய நம் நாட்டு மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதே 2011-இல், லயனுக்கு மூன்று மாதம் முன்னதாக, ஏப்ரலில், இன்னொரு செய்தி வந்தது. அதிகம் பேர் கவனிக்கவில்லை. உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனம், ‘ஷிப்இட்’ என்ற தன் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. அது என்ன திட்டம் என்று இளைய ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்காது. இணையத்தில் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டால் போதும். சில வாரங்கள் கழித்து அஞ்சலில் ஓர் உறை வரும். உள்ளே உபுண்டு குறுவட்டு. வட்டுக்கும் காசில்லை, அஞ்சலுக்கும் காசில்லை. உலகின் எந்த மூலைக்கும் அனுப்பினார்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களும், பதிவிறக்கம் செய்ய முடியாதவர்களும் முறையான, திருட்டில்லாத ஓர் இயங்குதளத்தைக் கையில் பெற்றார்கள். தபால்காரர் கொண்டு வந்த இயங்குதளம் அது. அதைவிட மேலான விநியோக முறையை நான் இதுவரை பார்க்கவில்லை.

விற்பவரும் வட்டை நிறுத்தினார். இலவசமாகக் கொடுப்பவரும் வட்டை நிறுத்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல.

உபுண்டுவைப் பதிவிறக்கம் செய்தால் நமக்குக் கிடைப்பது ஒரு முழுமையான கோப்பு. அதனை வட்டில் எழுதலாம், விரலியில் ஏற்றலாம், பக்கத்துப் பள்ளிக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம். இருபது கணினிகளுக்கும் அந்த ஒன்றே போதும். பத்து ஆண்டு கழித்து எடுத்துச் செருகினாலும் அது யாரையும் கேட்காமல் நிறுவிக்கொள்ளும். சட்டமும் தடுக்காது. வட்டுத்தான் போயிற்று, படி நம்மிடமே இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் இடத்தில், நல்ல இணைப்பு கிடைத்தால் போதும்.

லயன் அப்படியன்று. பதிவிறங்கிய நிறுவல் கோப்பு, தன் வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அழிவதற்கு முன்பே அதைத் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த வட்டுப் படிமத்தைத் தேடியெடுத்து, சொந்தமாக டிவிடி எழுதிக்கொள்ளும் வித்தையை விவரம் அறிந்தவர்கள் சில நாள்களிலேயே கண்டுபிடித்தார்கள். விவரம் அறியாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கணினி படுத்தால் மீட்புப் பகுதியிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். உண்மைதான். ஆனால், அந்த மீட்புப் பகுதிக்குள் முழு இயங்குதளம் இல்லை. அது மறுபடியும் இணையத்துக்குப் போய் நான்கு கிகாபைட்டையும் முதலிலிருந்து இறக்கும். அந்த ஆண்டில் வந்த புதிய மேக்புக் ஏர், மேக் மினி கணினிகளில் வன்தட்டே பழுதானாலும் இணையத்தின் வழியாக மீட்கும் வசதி இருந்தது. அருமையான தொழில்நுட்பம். இணையம் இருப்பவர்களுக்கு.

விண்டோஸ் பக்கமும் இது வேறு வடிவில் நடந்தது. கணினி தயாரிப்பாளர்கள் பலர் வட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதன் உள்ளடக்கத்தை வன்தட்டின் ஒரு மூலையில் ஒளித்து வைத்தார்கள். வன்தட்டே பழுதானால் மருந்தும் அதோடு போய்விடும். மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வது போன்ற ஏற்பாடு அது. 2013 அக்டோபரில் விண்டோஸ் 8 வைத்திருந்தவர்கள் 8.1-க்கு மாறியது இணையக் கடை வழியாக. வீட்டில் மூன்று கணினி இருந்தால் மூன்றும் தனித்தனியே இறக்கின. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஓராண்டுக் காலம் இலவசம் என்று அறிவித்துவிட்டு, தானியங்கிப் புதுப்பிப்பை அனுமதித்திருந்தவர்களின் கணினிகளில், அவர்கள் கேட்காமலேயே மூன்றரை முதல் ஆறு கிகாபைட் வரையிலான கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மைக்ரோசாப்ட் இதனை ஒப்புக்கொண்டது. அளவு பார்த்து இணையம் வாங்கும் குடும்பத்தில், மாதம் பாதி போவதற்குள் இணைப்பு தீர்ந்துபோனால் பிள்ளைகளைத்தான் முதலில் திட்டுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வட்டின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் வட்டுகள் மேல் பூஞ்சை படரும். மாணவர் கைபட்டால் கீறல் விழும். அதைவிடப் பெரிய குறை, வட்டு என்பது உறைந்துபோன காலம். 2001-இல் அச்சான எக்ஸ்பி வட்டை 2003 ஆகஸ்டில் நிறுவி இணையத்தில் இணைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்; திருத்தங்களை இறக்கி முடிப்பதற்குள் ‘பிளாஸ்டர்’ என்னும் புழு உள்ளே நுழைந்து, கணினி தானாகவே மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்கும். இறக்கிக்கொள்வது எப்போதும் புதியது என்பதில் நியாயம் உண்டு.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரிய கதை. இரவுச் சந்தையில் ஆப்பக் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, எந்த இயங்குதளமும் ஐந்து வெள்ளி என்று விற்ற காலம் அது. 2000-ஆம் ஆண்டிலேயே ஒளிவட்டுகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். சோதனை வரும் என்று தெரிந்தால் மேசை மடங்கும், போனபின் விரியும். அந்த ஐந்து வெள்ளி வட்டுகளோடு நச்சுநிரல்களும் இலவசமாக வந்தன. நன்னெறிப் பாடத்தில் திருடாமையைக் கற்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் திருட்டு வட்டில் ஓடும் கணினியின் முன் மாணவரை உட்கார வைக்க நேர்ந்த பள்ளிகள் எத்தனையோ. வட்டு ஒழிந்ததால் அந்த வணிகமும் பெரும்பாலும் ஒழிந்தது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால், பழமை அடைவதும் திருடப்படுவதும் வட்டின் குறைகளே. கையில் ஒரு படி இருப்பதன் குறைகள் அல்ல. 2004-இல் எக்ஸ்பிக்கு இரண்டாம் திருத்தத் தொகுப்பு வந்தது. அதன் முழுக் கோப்பு 266 மெகாபைட். அன்றைய தொலைபேசி இணைப்பில் அதனை இறக்குவது தவம் செய்வது போன்றது. அதை உணர்ந்த மைக்ரோசாப்ட், வேண்டுவோர்க்கு இலவசக் குறுவட்டாகவும் அனுப்பியது. புதுமையும் கிடைத்தது, கையில் படியும் கிடைத்தது. மனம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம் என்பதற்கு அந்நிறுவனமே சான்று. ஆப்பிளும் பிறகு மனம் இளகிற்று. 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து, நிறுவல் கோப்பை விரலியில் ஏற்றுவதற்கென்றே ஒரு கட்டளையை உள்ளே வைத்தது. விலையையும் எடுத்துவிட்டது.

அப்படிச் சேமித்து வைத்த படியும் முழுக்க நமதாகுமா என்றால், ஆகாது. பழைய மேக் நிறுவல் கோப்புகளை விரலிகளில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கு 2019 அக்டோபரில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அக்கோப்புகளோடு இணைந்திருந்த மின்சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால், நேற்றுவரை வேலை செய்த விரலி இன்று ‘இப்படியைச் சரிபார்க்க இயலவில்லை’ என்று மறுத்தது. புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். அல்லது கணினியின் நாள்காட்டியைப் பின்னோக்கித் திருப்பி ஏமாற்ற வேண்டும். 2009-இல் வாங்கிய ஸ்னோ லெப்பர்டு டிவிடிக்கு இப்படியொரு சான்றிதழ்ச் சிக்கல் வந்ததில்லை. நூலகத்திலிருந்து வாங்கி வந்த புத்தகம், நூலகர் ஒரு கையெழுத்தைப் புதுப்பிக்காததால் வீட்டு அலமாரியில் திடீரென்று தானாக மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்?

“இதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும் சார்? கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் முடிந்தது” என்றார் எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியர் ஒருவர். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் இணைப்பு மேம்பட்டிருக்கிறது. பட்டணத்தில் கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டில் நான்கு கிகாபைட் என்பது தேநீர் ஆறுவதற்குள் முடியும் வேலை. மறுபாதியைச் சொல்கிறேன். விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பு ஐந்து கிகாபைட்டுக்கு மேல். கணினி அறையில் இருபது கணினிகள் இருந்து, ஒவ்வொன்றும் தனியே இறக்கினால் நூறு கிகாபைட். அது யாருடைய கைப்பேசிக் கணக்கில் போகும்? ஆசிரியருடைய கணக்கில்தான். செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் தோட்டப் பள்ளியில், சன்னலோரம் நின்றால்தான் இரண்டு கோடு தெரியும் என்ற நிலையில் அந்த நூறு கிகாபைட் எப்போது இறங்கி முடியும்?

இந்தக் கேள்வியை நான் இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கட்டணம் கட்டி நீட்டித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. கல்வி நிலையங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினிக்கு ஒரு டாலர்தான். ஆனாலும் அது தள்ளிப்போடுவதே அன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. நன்கொடையாளர்களும் பெற்றோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பழைய கணினிகள் பல இந்தத் தேர்வில் தேறாதவை. தேறும் கணினிகளிலும் வீட்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவும்போது முதல் திரைகளிலேயே இணைய இணைப்பையும் மைக்ரோசாப்ட் கணக்கையும் கேட்கிறது. ஆக, விரலியில் முழுப் படியும் கையில் இருந்தாலும், இணையம் இல்லாத அறையில் முறையான வழியில் நிறுவி முடிக்க முடியாது. படியைக் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியது போன்ற நிலை இது.

தேறாத கணினிகளுக்கு லினக்ஸ் உண்டு. உபுண்டுவின் இலகுவான உறவுகள் பல இருக்கின்றன. முதல் உபுண்டு 700 மெகாபைட் குறுவட்டில் அடங்கியது. இன்றைய உபுண்டு ஐந்து கிகாபைட்டைத் தாண்டிவிட்டது என்பதால் அந்த இலகுவான உறவுகளையே பரிந்துரைக்கிறேன். தட்டச்சு, தமிழ், இணையம், கணக்கு விளையாட்டு ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். ஷிப்இட் இன்று இருந்திருந்தால் நான்கு வரி எழுதிப் போட்டிருப்பேன், உறை வந்திருக்கும். இன்று அனுப்புவார் இல்லை. ஆகவே அனுப்பும் வேலையை நாமே ஏற்க வேண்டியிருக்கிறது.

இது பெரிய வேலையன்று. நம் நாட்டில் பாடநூல் இரவல் திட்டம் 1975 முதல் நடக்கிறது. சரவாக்கின் உட்புறத்தில், படகில் போய்ச் சேர வேண்டிய பள்ளிக்கும் பாடநூல் போய்ச் சேருகிறது. அச்சகத்துக்கு வந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எந்தப் பள்ளியையும் யாரும் சொன்னதில்லை. மாவட்டக் கல்வி அலுவலகம் ஒவ்வொன்றும் அரையாண்டுக்கு ஒருமுறை, தன் நல்ல இணைப்பில், முறையான நிறுவல் கோப்புகளை ஒரே முறை இறக்கி, விரலிகளில் ஏற்றி, தலைமையாசிரியர் கூட்டத்தன்று கையில் கொடுத்துவிடலாம். மைக்ரோசாப்ட் தன் நிறுவல் கோப்பை முழுப் படிமமாகவே தளத்தில் வைத்திருக்கிறது. அதனை விரலியில் ஏற்றும் கருவியையும் கொடுக்கிறது. உபுண்டுவுக்குக் கேட்கவே வேண்டாம். கணினி வாங்கும் பள்ளிகள், விலைக் கேட்பிலேயே ‘மீட்பு விரலி ஒன்று சேர்த்துத் தரப்பட வேண்டும்’ என்று ஒரு வரியை எழுதினால் விற்பவர்கள் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கேட்காததால்தான் கொடுப்பதில்லை.

மேலிடத்திலிருந்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எட்டு கிகாபைட் விரலி போதும். வசதிக்குப் பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். எந்தப் பதிப்பு, எந்த மாதம் இறக்கியது என்பதை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல இணைப்புள்ள ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பித்து வர வேண்டும். புதுப்பித்ததும் ஒரு பழைய கணினியில் செருகிச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காத விரலி வெறும் பிளாஸ்டிக். இன்னொன்று, யாரும் அதில் கேள்வித்தாளையோ ஆண்டு விழாப் பாட்டையோ நகலெடுத்துக் கொண்டுபோகக் கூடாது. நான் பார்த்தவரையில் பள்ளி விரலிகள் அழிவது பெரும்பாலும் ஆண்டு விழாக் காலத்தில்தான்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு மின்விசிறி மாற்றும் தீர்மானத்துக்குக் கீழே இதனையும் ஒரு வரி சேர்க்கும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு விரலிகள், ஒரு சிறு பெட்டி, சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி. வைக்கும் இடம் இரும்பு அலமாரி, இரண்டாம் தட்டு.